ஜெனீவாவின் சொல்லும் கிண்டியின் குப்பியும்



இந்த மண்டபத்தில் அமர்ந்திருப்பவர்களுள் பெரும்பாலோருடைய இடது தோளுக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு வடு இருக்கும். நாம் பிறந்த சில நாட்களிலோ சில வாரங்களிலோ, தாய் நம் கையை அழுத்திப் பிடித்துக்கொள்ள, நர்சம்மா மெல்லிய ஊசியொன்றைச் சதைக்குள் போகவிடாமல் தோலுக்குள்ளேயே நிறுத்தி ஒரு துளி மருந்தைச் செலுத்த, அவ்விடத்தில் ஆரஞ்சுப் பழத்தோலைப் போலப் புள்ளிபுள்ளியாய் ஒரு கொப்புளம் எழுந்து, சற்று நேரத்தில் அமுங்கி, சில வாரம் சென்றபின் மறுபடியும் புடைத்து, உடைந்து, ஆறி, ஆயுள் உள்ளளவும் அழியாமல் நின்றுவிட்ட வடு அது. க்ஷயரோகத்தைத் தடுப்பதற்காகப் போடப்படும் பி.சி.ஜி. ஊசியின் அடையாளம் அது. நம்முள் அநேகருக்குப் போடப்பட்ட அந்த ஒரு துளி மருந்து இந்தச் சென்னை நகரத்திலேயே, கிண்டியில் மத்திய அரசாங்கம் நடத்திவந்த பி.சி.ஜி. தடுப்பு மருந்து ஆய்வகத்தில் தயாரானது.

அந்தத் துளியை எல்லாக் குழந்தைகளுக்கும் போடவேண்டும் என்று தீர்மானித்தவர் யார், அதை யாரிடம், என்ன விலைக்கு வாங்குவது என்று நிச்சயித்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை. தாய் தீர்மானிக்கவில்லை, நர்சம்மாவும் தீர்மானிக்கவில்லை. மாவட்ட சுகாதார அதிகாரி மேலிடத்து உத்தரவைக் காட்டுவார். மேலிடம் டில்லியைக் காட்டும். டில்லியில் ஒரு நிபுணர் குழுவின் குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்பைப் புரட்டினால் ஜெனீவாவில் இருக்கும் உலக சுகாதார ஸ்தாபனத்தின் அறிக்கையொன்று அதற்கு ஆதாரமாக நிற்கும். இந்த நீண்ட சங்கிலியைப் பழிப்பதற்காக நான் இங்கே வரவில்லை. நோய்க்கு எல்லைக்கோடு கிடையாது. ஆதலால் நோயைப் பற்றிய அறிவுக்கும் எல்லைக்கோடு இருக்கலாகாது. பெரியம்மையை இந்த மண்ணிலிருந்து துடைத்தெறிந்தது பல தேசங்கள் கைகோத்துச் செய்த முயற்சிதான். ஆனால், எந்த நாடு தனக்கென்று ஓர் அளவுகோலும் தனக்கென்று ஓர் உற்பத்திக் கூடமும் வைத்திருக்கிறதோ அந்த நாட்டுக்கு மட்டுமே வெளியிலிருந்து வரும் சொல் ஆலோசனையாக இருக்கும், அவ்விரண்டையும் கைவிட்ட நாட்டுக்கு அதே சொல் ஆணையாகிவிடும் என்பதே இன்று நான் உங்கள்முன் வைக்க விரும்பும் கருத்து. அதை விளக்க வெகுதூரம் போகவேண்டியதில்லை. கிண்டியின் கதையிலேயே பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

1948-ஆம் ஆண்டு ஏப்ரல் 7 அன்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் அமைப்புச் சாசனம் அமலுக்கு வந்தது. அதே ஆண்டில்தான், அம்மைப்பால் தயாரிப்பதில் பெயர்பெற்ற கிங் நிலையம் இருந்த கிண்டியில், பி.சி.ஜி. ஆய்வகமும் பிறந்தது, உலக சுகாதார ஸ்தாபனமும் யூனிசெப்பும் அதற்குத் துணை நின்றன. யுத்தத்தால் சீரழிந்த ஐரோப்பாவில் டென்மார்க், நார்வே, ஸ்வீடன் தேசத்துத் தொண்டர்கள் யூனிசெப்போடு சேர்ந்து லட்சக்கணக்கான குழந்தைகளுக்குப் பி.சி.ஜி. போட்டுவந்த காலம் அது. அந்த இயக்கம் கிழக்கே திரும்பியபோது நம் தேசத்தில் மதனப்பள்ளி முதலிய இடங்களில் சோதனை முறையில் ஊசி போடத் தொடங்கினார்கள். 1951-இல் அது நாடு தழுவிய இயக்கமாக விரிந்தது. இதை வெளியாரின் திணிப்பு என்று சொல்வது நியாயமன்று. அன்று நம் சுகாதார மந்திரியாக இருந்த ராஜகுமாரி அம்ருத் கௌர் அம்மையார் 1950-இல் உலக சுகாதார சபைக்கே தலைமை தாங்கியவர். அந்த ஆலோசனை மண்டபத்தில் நம் குரலும் இருந்தது. க்ஷயரோகம் வருஷந்தோறும் லட்சக்கணக்கானவர்களை வாரிக்கொண்டு போன நாட்டில், ஆஸ்பத்திரிப் படுக்கைகள் கைவிரல் விட்டு எண்ணும்படி இருந்த நாட்டில், மலிவான ஊசியொன்று கிடைத்தபோது அதை இறுகப் பற்றிக்கொண்டதில் தவறு காண எனக்கு மனம் வரவில்லை.

எனினும், ஒரு கேள்வி அன்று விடையின்றி நின்றது. இந்த ஊசி இந்தத் தேசத்து மக்களுக்கு, இந்த வெயிலில், இந்த மண்ணில் வாழ்பவர்களுக்குப் பலிக்குமா என்பதே அது. பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளிடையே நடந்த பெரிய சோதனை 1950-இல்தான் தொடங்கியது. அதன் முடிவு வெளிவந்தபோது ஐந்தில் நான்கு பங்கு நோய் குறைந்திருந்தது. அமெரிக்காவின் தெற்கே ஜார்ஜியாவிலும் அலபாமாவிலும் நடந்த சோதனையிலோ பயன் மிகச் சொற்பமாகவே தென்பட்டது. ஒரே ஊசி ஓரிடத்தில் கேடயமாகவும் மற்றோரிடத்தில் வெறுங்கையாகவும் நின்ற இந்த விந்தை தெரியவருவதற்கு முன்னரே நம் நாட்டில் கோடிக்கணக்கானவர்களுக்கு ஊசி போடுவது என்ற தீர்மானம் எடுக்கப்பட்டுவிட்டது.

1955-இல் இதை எதிர்த்து எழுந்த குரல் சாமானியமான குரல் அன்று. சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரி பதவியிலிருந்து அதற்கு முந்திய ஆண்டுதான் விலகியிருந்த ராஜாஜி அவர்கள், பி.சி.ஜி. இயக்கத்தைத் தாம் எதிர்ப்பதற்கான காரணங்களை எழுதித் தனிப் பிரசுரமாகவே வெளியிட்டார். உயிருள்ள கிருமியை ஆரோக்கியமான குழந்தைகளின் உடலில் பெருந்திரளாகச் செலுத்துவது தகுமா, அதன் பயன் ஐயமற நிலைநாட்டப்பட்டிருக்கிறதா, பிரசார வேகத்தில் பெற்றோரின் சம்மதம் மறைந்துபோகவில்லையா என்பவை அவருடைய கவலைகள். அரசாங்கமும் சர்வதேச நிபுணர்களும் அவருக்கு மறுப்பு எழுதினார்கள். இன்று நின்று பார்க்கும்போது, ஊசியின் அபாயத்தைப் பற்றி அவர் கொண்ட அச்சம் மிகைப்பட்டது என்றே சொல்லவேண்டும். உலகெங்கும் கோடிக்கணக்கான குழந்தைகளின் அநுபவம் அதைக் காட்டிவிட்டது. ஆனால், பயன் நிரூபணமாகிவிட்டதா என்று அவர் கேட்டாரே, அந்தக் கேள்வி சரியான கேள்வி. அதற்கு நேரான விடை கிடைக்க ஏறக்குறைய 25 ஆண்டுகள் ஆயின. அந்த விடை ஜெனீவாவிலிருந்து வரவில்லை. செங்கற்பட்டு ஜில்லாவிலிருந்து வந்தது.

அதற்கு முன்பே சென்னை ஒரு பெரிய காரியத்தைச் செய்துகாட்டியிருந்தது. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசாங்கமும், உலக சுகாதார ஸ்தாபனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து இந்நகரில் ஒரு க்ஷயரோகச் சிகிச்சை நிலையத்தை நிறுவின. சானடோரியத்தில் நல்ல காற்று, நல்ல உணவு, பூரண ஓய்வு ஆகியவற்றோடு மருந்து பெறுபவர்களுக்கும், குடிசையிலேயே இருந்துகொண்டு, கிடைத்ததை உண்டு, மருந்தை மட்டும் தவறாமல் விழுங்குபவர்களுக்கும் குணமாவதில் வித்தியாசம் உண்டா என்று அங்கே நேர்மையாகச் சோதித்தார்கள். சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்று 1959-இல் வெளியான முடிவு, உலகம் முழுவதும் க்ஷயரோகச் சிகிச்சையின் போக்கையே மாற்றிவிட்டது. சர்வதேசக் கூட்டுறவு என்று நான் வணங்குவது இதைத்தான்: பணமும் நிபுணரும் எங்கிருந்து வந்தாலும் வரட்டும், கேள்வி நம்முடையதாக இருந்தது, பதிலும் நம் மக்களின் உடலிலிருந்தே பெறப்பட்டது.

செங்கற்பட்டுச் சோதனை 1968-இல் தொடங்கியது. அன்றைய அந்த ஜில்லாவில் திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்களில் வீடு வீடாகச் சென்று தலைக்கணக்கு எடுத்து, தோல் பரிசோதனை செய்து, எக்ஸ்ரே வண்டியை ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் பெரியவர்களின் மார்பைப் படம்பிடித்து, சந்தேகப்பட்டவர்களின் கோழையைச் சேகரித்து, சுமார் 2,60,000 பேரை அந்த ஆராய்ச்சியில் சேர்த்தார்கள். ஒரு பகுதியினருக்குப் பி.சி.ஜி. கிருமியின் கோபன்ஹேகன் வித்து, ஒரு பகுதியினருக்குப் பாரிஸ் வித்து, மற்றொரு பகுதியினருக்கு மருந்தில்லாத வெறும் திரவம். எந்தக் குப்பியில் எது இருக்கிறது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்களும் ஏரிக்கரையில் மாடு மேய்த்த சிறுவர்களும் உலகத்தின் மிகப் பெரிய தடுப்பூசிச் சோதனைகளுள் ஒன்றில் பங்காளிகள் ஆனார்கள். ஏழரை ஆண்டுகள் அவர்களைப் பின்தொடர்ந்த பிறகு 1979-இல் முதல் அறிக்கை வெளிவந்தது. பெரியவர்களுக்கு வரும், கோழையில் கிருமி காணப்படும் நுரையீரல் க்ஷயத்தை இந்த ஊசி அங்கே தடுக்கவில்லை என்பதே அதன் சாராம்சம். 15 ஆண்டுகள் கண்காணித்த பின்னும் அந்த முடிவு மாறவில்லை.

இந்த முடிவை எவரும் எதிர்பார்க்கவில்லை. பலர் முதலில் நம்பவும் விரும்பவில்லை. ஆனால் இதற்குத் துணை நின்றது உலக சுகாதார ஸ்தாபனமேதான் என்பதை மறந்துவிடலாகாது. 20 ஆண்டுகளாகத் தான் சிபாரிசு செய்துவந்த ஊசியைத் தானே சோதனைக்கு உட்படுத்தி, பாதகமான முடிவு வந்தபோது அதை ஒளிக்காமல் தன் பத்திரிகையிலேயே பிரசுரித்த ஸ்தாபனத்துக்கு நாம் தலைவணங்கத்தான் வேண்டும். அதன் பின்னர் நம் நிபுணர்களும் ஆத்திரப்பட்டு ஊசியை வீசியெறிந்துவிடவில்லை. பச்சிளங் குழந்தைகளைத் தாக்கும் மூளைச்சவ்வு க்ஷயத்திலிருந்தும், உடலெங்கும் பரவும் கொடிய க்ஷயத்திலிருந்தும் பி.சி.ஜி. காப்பாற்றுகிறது என்பதற்கு வேறு சான்றுகள் இருந்தமையால், பெரியவர்களைக் காக்கும் என்ற நம்பிக்கையை விட்டுக் குழந்தைகளுக்கு மட்டும் அதைத் தொடர்ந்தார்கள். அளவுகோல் நம் கையில் இருந்ததால், வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை விடும் சுதந்திரமும் நம் கையில் இருந்தது.

வெளியிலிருந்து வந்த நல்ல சொல்லை நாம் கேளாமல் விட்டதும் உண்டு. அதையும் சொல்லாவிட்டால் நான் பட்சபாதம் செய்தவனாவேன். நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் வீடுகளில் குழந்தைகளைப் பயமுறுத்துவார்களே, அந்த ஊசி ஆட்டின் மூளையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து. அதைப் போட்டுக்கொண்டவர்களில் சிலருக்குப் பக்கவாதம் வந்தது, சிலர் மாண்டும் போயினர். அதைக் கைவிடுங்கள், உயிரணுக்களில் வளர்த்த புதிய மருந்துக்கு மாறுங்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 1984 முதலே வற்புறுத்தி வந்தது. நாமோ 2004-ஆம் ஆண்டின் முடிவில்தான் அதை முற்றிலும் நிறுத்தினோம். இடைப்பட்ட 20 ஆண்டுகளில் பணமுள்ளவன் மருந்துக் கடையில் புது ஊசியை வாங்கிப் போட்டுக்கொண்டான்; ஏழை அரசாங்க ஆஸ்பத்திரி வாசலில் பதினான்கு நாள் நின்றான்.

இனி 2008-க்கு வருகிறேன். அந்த ஆண்டு ஜனவரி மாதத்தில், 1905-இல் நிறுவப்பட்ட கசௌலி மத்திய ஆராய்ச்சி நிலையம், 1907-இல் திறக்கப்பட்ட குன்னூர் பாஸ்டர் நிலையம், நம் கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம் ஆகிய மூன்றின் உற்பத்தி உரிமங்களும் ஒரே வீச்சில் நிறுத்திவைக்கப்பட்டன. நாட்டின் குழந்தைகளுக்குப் போடப்பட்ட அடிப்படைத் தடுப்பூசிகளில் பெரும்பங்கைத் தந்துவந்தவை இந்தப் பொதுத்துறைக் கூடங்கள். இவற்றின் மருந்தால் குழந்தைகளுக்குத் தீங்கு நேர்ந்தது என்று உத்தரவில் காரணம் காட்டப்படவில்லை. கட்டிடம், காற்றுச் சுத்திகரிப்பு, பதிவேடு, தயாரிப்பு முறை ஆகியவை உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்ததும் நம் சட்டமே ஏற்றுக்கொண்டதுமான தர நியமங்களுக்கு ஒத்திருக்கவில்லை என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது.

அந்தக் குறைகள் பொய்யல்ல. பழைய கட்டிடங்கள், பழைய கருவிகள், ஓய்வு பெற்றவர்களின் இடத்தில் ஆள் நியமிக்காமல் விடப்பட்ட பதவிகள். ஆனால், ஒரு வீட்டின் கூரை ஒழுகுகிறது என்று வந்து பார்த்தவர் சொன்னால், ஓடு மாற்றுவது வீட்டுக்காரன் கடமை. குடியிருப்பவர்களைத் தெருவில் நிறுத்தி வீட்டைப் பூட்டுவது முறையா? ஓடு மாற்ற வேண்டிய கூரையை ஆண்டுக்கணக்கில் பாராமல் விட்டது ஜெனீவா அன்று, நாம். மாற்று ஏற்பாடு நிலைபெறுமுன் ஒரே நாளில் பூட்டியதும் நாம்தான்.

இப்படிப் பூட்டவேண்டிய அவசரம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் நீங்கள் கூர்ந்து கவனிக்கவேண்டும். சர்வதேசச் செல்வாக்கு எந்த வழியாகப் பாய்கிறது என்பதை அது காட்டுகிறது. யூனிசெப் போன்ற ஸ்தாபனங்கள் ஏழை நாடுகளுக்காகக் கோடிக்கணக்கில் தடுப்பூசி வாங்குகின்றன. 1987 முதல், உலக சுகாதார ஸ்தாபனம் முன்கூட்டியே பரிசோதித்துத் தகுதி வழங்கிய மருந்தைத்தான் அவை வாங்கும். அந்தத் தகுதி ஒரு கம்பெனிக்குக் கிடைக்கவேண்டுமானால், அந்தக் கம்பெனி இருக்கும் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரம் செம்மையாக இயங்குகிறது என்று ஸ்தாபனம் முதலில் ஒப்பவேண்டும். நம் நாட்டுத் தனியார் கம்பெனிகளோ அச்சமயத்தில் உலகச் சந்தையில் பெரும்பங்கு வகித்துவந்தன. தர நியமத்துக்குப் பொருந்தாத அரசாங்கக் கூடங்களைக் கட்டுப்பாட்டு அதிகாரம் கண்டும் காணாமல் விட்டால், அந்த அதிகாரத்தின் நற்பெயரே குலைந்து, நாட்டின் தடுப்பூசி ஏற்றுமதி முழுவதும் பாதிக்கப்படும் என்பது அன்று முன்வைக்கப்பட்ட வாதம். ஆக, யூனிசெப் யாரிடம் வாங்கும் என்ற கேள்வி, நம் கிராமத்துக் குழந்தைக்கு நாம் யாரிடம் வாங்குவது என்ற கேள்வியைத் தீர்மானித்துவிட்டது. ஜெனீவாவிலிருந்து எவரும் கிண்டியை மூடு என்று கட்டளையிட வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. சந்தையின் வாசலில் வைத்த ஒரு நிபந்தனை அந்த வேலையைச் செய்து முடித்தது.

அதன் பலன் எங்கே வந்து விழுந்தது? நம் மாநிலத்தில் புதன்கிழமை தடுப்பூசி நாள். காலையில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும், கைக்குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தாய்மார்கள் பெஞ்சில் அமர்ந்திருப்பதைக் காணலாம். பி.சி.ஜி. மருந்து பழுப்புநிறக் கண்ணாடிக் குப்பியில் வெள்ளைத் தூளாக இருக்கும். கழுத்தை ஒடித்துத் திரவத்தைக் கலந்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும், மிஞ்சியது வீண். ஆகையால் நர்சம்மா குப்பியைக் கையில் எடுக்குமுன் பெஞ்சிலுள்ள தலைகளை எண்ணுவாள். கையிருப்பு தாராளமாக இருந்தால் இரண்டு குழந்தைகளுக்காகவும் குப்பியை ஒடிப்பாள். கையிருப்பு குறைந்தால், அடுத்த புதன் வாம்மா என்று சொல்லுவாள். கூலிவேலையை விட்டு வந்த தாய் அடுத்த புதன் வருவாளா என்பது அவளுக்கும் தெரியாது, நர்சம்மாவுக்கும் தெரியாது. அரசாங்கக் கூடங்கள் நின்ற பிறகு பல மாநிலங்களில் தடுப்பூசித் தட்டுப்பாடு ஏற்பட்டதைப் பற்றி நாடாளுமன்றத்தில் பேச்செழுந்தது. 2009-இல் நாடாளுமன்ற நிலைக்குழு அந்த நடவடிக்கையைக் கண்டித்தது. சுப்ரீம் கோர்ட்டில் பொதுநல வழக்கு தொடரப்பட்டது. 2010 பிப்ரவரியில் உரிமத் தடை விலக்கப்பட்டது. முன்னாள் சுகாதாரச் செயலாளர் ஜாவித் சௌத்ரியின் தலைமையில் அமைந்த குழு, பொதுத்துறைக் கூடங்களைப் புதுப்பித்து நடத்தவேண்டும் என்று பரிந்துரைத்தது. தடையை விலக்குவதற்கு ஒரு கையொப்பம் போதும். சிதறிய ஊழியர்களையும் நின்றுபோன இயந்திரங்களையும் பழைய நிலைக்குக் கொண்டுவர அது போதாது. இடைக்காலத்தில் அரசாங்கம், தானே தயாரித்துவந்த மருந்தைத் தனியாரிடம் அவர்கள் சொன்ன விலைக்கு வாங்கும் நிலைக்கு இறங்கியது.

இது ஏழை நாட்டின் தலைவிதி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கிண்டியின் உரிமம் நிறுத்தப்பட்டதற்கு அடுத்த ஆண்டே செல்வத்தில் திளைக்கும் ஐரோப்பா இதே பாடத்தைப் படித்தது. பன்றிக்காய்ச்சல் பரவியபோது, 2009 ஜூன் 11 அன்று உலக சுகாதார ஸ்தாபனம் அதை உலகளாவிய கொள்ளைநோய் என்று அறிவித்தது. பல அரசாங்கங்கள் மருந்துக் கம்பெனிகளோடு முன்பே உறங்கும் ஒப்பந்தங்கள் செய்துவைத்திருந்தன. அந்த அறிவிப்பு வந்தவுடன் ஒப்பந்தம் கண்விழித்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு. சுமார் ஆறரைக் கோடி மக்கள் வாழும் பிரான்சு 9 கோடியே 40 லட்சம் டோஸ் வாங்க உத்தரவிட்டது. போட்டுக்கொண்டவர்கள் 60 லட்சத்துக்கும் குறைவு. பிறகு 5 கோடி டோஸை ரத்து செய்ய நேர்ந்தது. ஸ்தாபனத்துக்கு ஆலோசனை கூறிய அவசரக் குழுவினரின் பெயர்கள் கொள்ளைநோய் முடிந்துவிட்டதாக அறிவிக்கப்படும்வரை வெளியிடப்படவில்லை. முன்னர் வழிகாட்டுக் குறிப்புகளை எழுதியவர்களுள் சிலர் மருந்துக் கம்பெனிகளிடம் ஊதியம் பெற்றவர்கள் என்பது 2010-இல் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகை ஒன்றின் விசாரணையில் வெளிவந்தது. ஹார்வி ஃபைன்பெர்க் தலைமையில் ஆராய்ந்த குழு 2011-இல், கெட்ட எண்ணத்தோடு எதுவும் செய்யப்பட்டதற்குச் சான்று இல்லை என்று சொல்லியது. ஆயினும் ஒளிவுமறைவும், நோயின் கடுமையைச் சரியாக எடைபோடாமையும் குறைகளே என்றும் சொல்லியது. அந்தத் தீர்ப்பை நான் நேர்மையானதாகவே கொள்கிறேன்.

அந்த ஆரவாரத்தில் தனித்து நின்ற நாடு போலந்து. அந்நாட்டுச் சுகாதார மந்திரி ஈவா கோபாச், தாமே ஒரு மருத்துவர். ஊசியால் தீங்கு நேர்ந்தால் பொறுப்பை அரசாங்கமே ஏற்கவேண்டும் என்று கம்பெனிகள் நிபந்தனை விதித்தபோது, அப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியாது என்று அவர் மறுத்துவிட்டார். காய்ச்சல் இன்னும் கொடியதாக இருந்திருக்குமானால் அந்த மறுப்பு பெரும் நாசத்தில் முடிந்திருக்கக்கூடும். அதனால் அதைப் பெருவெற்றி என்று கொண்டாட நான் தயங்குகிறேன். ஒப்பந்தத்தின் ஒவ்வொரு ஷரத்தையும் படித்துப் பார்த்த பிறகு தீர்மானித்தார் என்பது மட்டுமே நான் போற்றுவது. பின்னாளில் அந்த ஊசிகளுள் ஒன்றான பாண்டெம்ரிக்ஸ் போட்டுக்கொண்ட பிள்ளைகள் சிலருக்குப் பின்லாந்திலும் ஸ்வீடனிலும் அடங்காத் துயில்நோய் வந்தது தெரியவந்தபோது, பொறுப்பு யாருடையது என்ற கேள்வி வெறும் சட்டக் கேள்வி அல்ல என்பது புரிந்தது.

கொடையின் வழியாக வரும் செல்வாக்கு ஒன்றும் உண்டு. 2000-இல் தோன்றிய காவி என்னும் தடுப்பூசிக் கூட்டணி, ஏழை நாடுகளுக்குப் புதிய ஊசிகளைச் சில ஆண்டுகள் உதவியாகத் தந்து, பிறகு அந்த நாடுகளே வாங்கும்படி விடும். 2011 டிசம்பரில் நம் மாநிலத்திலும் கேரளத்திலும் தொடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசி அவ்விதம் வந்ததுதான். அது தடுக்கும் ஹிப் கிருமியால் நம் குழந்தைகளுக்கு உண்மையில் எவ்வளவு நோய் வருகிறது என்று சண்டிகர், கொல்கத்தா, வேலூர் ஆகிய இடங்களில் எடுத்த கணக்குகளை வைத்து நம் மருத்துவர்களே இரு கட்சியாக நின்று வாதாடினார்கள். நான் அந்த ஊசிக்கு எதிரி அல்ல. நம்மவர் கம்பெனிகள் போட்டியிட்டதால் அதன் விலை 2016-க்குள் ஒரு டாலருக்கும் கீழே வந்தது, குழந்தைகளும் காப்பாற்றப்படுகிறார்கள். ஆனால் முதல் சில ஆண்டுகள் இனாம் என்பதற்காக வாங்குவதும், கணக்குப் பார்த்து வாங்குவதும் ஒன்றாகா. நம் அண்டை நாடான இலங்கை இதில் நல்ல முன்மாதிரி. 2008 ஜனவரியில் அந்த ஊசியைத் தொடங்கிய இலங்கை, சில குழந்தைகள் இறந்ததும் ஏப்ரலில் நிறுத்தியது. தன் நோய்ப்பரவல் ஆய்வாளர்களையும் வெளி நிபுணர்களையும் கொண்டு விசாரித்து, மனம் தெளிந்தபின் 2010-இல் மீண்டும் தொடங்கியது. கொடுத்தவர் கோபித்துக்கொள்வார் என்று அஞ்சவுமில்லை, வதந்திக்கு அஞ்சி ஒரேயடியாய்க் கைவிடவுமில்லை. தாய்மார்களின் நம்பிக்கை அந்நாட்டில் குலையாமல் நின்றதற்கு இந்த நிதானம் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

மருத்துவம் பயிலும் இளம் நண்பர்களே, உங்களுக்கு இரண்டு வேண்டுகோள். தடுப்பூசிகளைப் பற்றி அரசாங்கத்துக்கு ஆலோசனை கூற 2001 முதல் ஒரு தேசிய நிபுணர் குழு இருக்கிறது. அதன் கூட்டக் குறிப்புகளைப் படியுங்கள். உறுப்பினர்களுக்கு எந்தக் கம்பெனியோடு, எந்தக் கொடையாளரோடு தொடர்பு உண்டு என்று கேளுங்கள். ஒரு புது ஊசி சிபாரிசு செய்யப்படும்போது, அதற்கு ஆதாரமான கணக்கு எந்த ஊரில், எத்தனை குழந்தைகளிடம் எடுக்கப்பட்டது என்று தேடுங்கள். செங்கற்பட்டு ஜில்லாவில் அன்று எக்ஸ்ரே வண்டியோடு ஊர் ஊராக அலைந்தவர்கள் உங்களைப் போன்ற இளைஞர்கள்தாம்.

மற்றொன்று, அதே செங்கற்பட்டைப் பற்றியது. 2008-இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட கூடங்களுக்கு மாற்றாக, அங்கே 100 ஏக்கர் நிலத்தில் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் ஒன்றை அமைக்க மத்திய அரசாங்கம் 2012-இல் 594 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. கட்டிடங்கள் எழுந்தன, இயந்திரங்கள் வந்தன. 2021 மே மாதம், கொரோனா ஊசிக்காக மக்கள் விடியுமுன்னே வரிசையில் நின்றுகொண்டிருந்த நாட்களில், தமிழ்நாட்டு முதலமைச்சர் நேரில் சென்று பார்த்து, அதை மாநிலத்திடம் ஒப்படையுங்கள், நாங்கள் இயக்குகிறோம் என்று மத்திய அரசாங்கத்தைக் கேட்க வேண்டியிருந்தது. ஏனெனில், ஒப்புதல் கிடைத்து ஒன்பது ஆண்டுகள் கழித்தும் அந்த வளாகம் முழு அளவில் உற்பத்தியைத் தொடங்கியிருக்கவில்லை. அது ஏன் என்று கேளுங்கள். பதில் வரும்வரை விடாமல் கேளுங்கள்.